அப்பா இருக்க வேண்டிய இடத்தில் ஆடு

மார்ச் 3, செவ்வாய்

உலக மக்களுக்கு ஓர் அறிவிப்பு. இன்று மாலை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் முட்டைகளுக்குரிய இருக்கைகளில் இரண்டு பறிக்கப்பட்டு, ஒரு ஃபிலிம் டப்பாவுக்கு வழங்கப்பட்டன. வெளியேற்றப்பட்ட இரு முட்டைகளும் ஆம்லெட் பதவி அடைந்தன. இறுதிச் சடங்கை நானே முன்னின்று நடத்தினேன். அடக்கம் வயிற்றில்.

டப்பா அத்தையுடையது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா; மாடியில் இருக்கிறாள். பகலில் கண்ணாடிக் கடையில் "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கேட்டுக் கண் பரிசோதிப்பாள். மிச்ச நேரமெல்லாம் அந்தக் கேமராதான். அமுக்கினால் படத்தை அங்கேயே துப்பும் ரகம். முதல் சம்பளத்தில் வாங்கியதாம். அதற்குப் பொருந்தும் ஃபிலிமை இப்போது யாரும் செய்வதில்லை. இதுதான் கடைசி டப்பா. எட்டுப் படம்.

"எட்டுக்கு அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் கேமரா பேப்பர் வெயிட்டு."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

மார்ச் 7, சனி

அத்தை படங்களை நூலகக் கூடத்தில் மாட்டப் போகிறார்கள்! செய்தி வந்ததும் அம்மாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். அம்மாவின் எடைக்கு அந்தச் சாதனையையே தனியாக மாட்டலாம்.

மாடித் தரை முழுக்க அவள் எடுத்த முகங்கள். தபால்காரர், செருப்புத் தைப்பவர், முன்பல் இல்லாத நான். அத்தைக்கு ஒரு வழக்கம் உண்டு. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்பாள், ஆனால் மூணில் அமுக்க மாட்டாள். எடுத்தாயிற்று என்று ஆள் மூச்சு விட்டு, படத்துக்காக மாட்டிக்கொண்ட முகத்தைக் கழற்றும்போதுதான் அமுக்குவாள். நிஜ முகம் அப்போதுதான் வருமாம்.

ஒரே ஒரு முகம்தான் அவளிடம் இல்லை. அப்பா.

அப்பா வண்டி ஓட்டும் லைசென்ஸுக்குத் தேர்வு வைப்பவர். அவரிடம் முதலில் பழகுநர் சிரிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேறினால்தான் நிரந்தரச் சிரிப்பு. இதுவரை யாரும் தேறியதில்லை. அக்காவின் தந்திரம் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்பதால், படத்தில் நிறம் ஏறி முடியும்வரை அவர் முகத்தைக் கழற்றவே மாட்டார். அத்தையிடம் அப்பா படம் நிறைய இருக்கிறது. எல்லாம் கதவு மாதிரி.

"அவன் இடத்தைக் காலியா விடப் போறேன். கீழ பேர் மட்டும் எழுதி," என்றாள்.

விளையாட்டுக்கா? குரல் அப்படி இல்லையே.

மார்ச் 8, ஞாயிறு

கெட்டுப்போன பழைய படம் ஒன்றை அத்தையிடம் கேட்டு வாங்கி, ஓரம் வெட்டிப் பிரித்தேன். இந்த மெல்லிய அட்டைக்குள் இத்தனை அடுக்கா! வெங்காயம் தோற்றது. கீழே ஒரு வெள்ளைப் பட்டை இருக்கிறதே, அதற்குள்தான் மருந்துப் பை. வெளியே வரும்போது இரண்டு உருளைகள் அதை நசுக்கி, பற்பசை மாதிரி படம் முழுக்கத் தேய்த்துவிடும். ஆக, ஒவ்வொரு படமும் தன் இருட்டறையைத் தானே முதுகில் சுமந்துகொண்டு வருகிறது. நத்தை! இது முதலில் எவனுக்குத் தோன்றியிருக்கும்? வீட்டில் எத்தனை திட்டு வாங்கியிருப்பான்?

"கையைக் கழுவுடா வாலு! அது மருந்து, ஜாம் இல்ல."

கழுவும்போது ஒரு யோசனை. உருளைக்கு என்ன தெரியும்? எது மேலே இருக்கிறதோ அதைத் தள்ளும். எது மேலே இருந்தாலுமா?

மார்ச் 11, புதன்

எது மேலே இருந்தாலும். (கேமராவுக்கான பேட்டரி ஃபிலிம் டப்பாவுக்குள்ளேயே இருக்கும். பழைய காலி டப்பாவில் அதற்கு இன்னும் உயிர் இருந்தது. என் பஸ் பாஸைத் துப்பியது.)

மார்ச் 14, சனி

வரலாற்றுச் சாதனை. புது டப்பாவில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கறுப்பு அட்டை இருக்கும். கேமராவில் போட்டதும் அது வெளியே வந்துவிடும். அதற்குக் கீழே, முதல் படத்துக்கு மேலே, அத்தை என்றைக்கோ எடுத்த ஒரு ஆட்டின் படத்தைச் செருகிவிட்டேன். வாயில் புல், முகத்தில் உயர் அதிகாரிக் களை. அத்தை எதை எடுத்தாலும் முதலில் ஆடுதான் வரும்!

வெளிச்சம் பட்டால் ஃபிலிம் காலி. அதனால் துணி அலமாரிக்குள் புகுந்து, கதவைச் சாத்தி, கும்மிருட்டில், விரல்நுனியால் மட்டும். அறுவை சிகிச்சை நிபுணர்கள் என்னிடம் பாடம் கேட்கலாம்.

மார்ச் 15, ஞாயிறு

செத்தேன் என்றுதான் நினைத்தேன்.

காலையில் அப்பா தானாகவே மாடிக்கு வந்துவிட்டார். அம்மா ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "அக்கா, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோ. அதோட என்னை விட்டுடணும், ஆமா." அத்தை புது டப்பாவைப் பிரித்துப் போட்டாள். ஐயோ, முதல் ஆள் பக்கத்து வீட்டுக்காரர் என்றல்லவா நினைத்திருந்தேன்! நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

கதவு மாதிரி அப்பா. அத்தை காத்தாள், காத்தாள். கதவு திறக்கவில்லை. கடைசியில் பெருமூச்சு விட்டு அமுக்கினாள். படம் வந்தது. நிறம் ஏறட்டும் என்று காத்திருக்கவே வேண்டாம். ஆடு முழுசாகவே வந்தது.

அப்பா குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அக்கா... நான் இவ்வளவு மோசமா வயசாயிட்டேனா?"

அப்புறம் வந்ததே ஒரு சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, உள்பல் தெரிய. அத்தை ஒண்ணு ரெண்டு எதுவும் எண்ணவில்லை. அமுக்கினாள்.

அந்தப் படம் மெல்ல மெல்ல ஏறியது. சிரிக்கும் அப்பா, இடது ஓரத்திலிருந்து அவர் தோள்வரை ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீப்பிழம்பு. அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இந்த வெளிச்சம் எப்படிடா வந்துச்சு?"

"திட்டம் போட்டு விட்டது அத்தை," என்றேன். "கலை."

மார்ச் 28, சனி

கூடத்தில் அப்பா முன்னால்தான் கூட்டம். அப்பா அதன் எதிரில் நின்று, தெரியாதவர்களிடமெல்லாம் "நான்தான்" என்கிறார். ஓவிய டீச்சர் ஒருவர் அந்த ஆரஞ்சை விட்டு நகரவே இல்லை. அது என் வேலை என்று அத்தை சொல்லிவிட்டாளாம். "எத்தனை அளவா விட்டிருக்கே! அடுத்த சனிக்கிழமை பிள்ளைங்களுக்குச் செஞ்சு காட்டுவியா?" நானும் விடுவேனா? விரல்நுனி, உள்ளுணர்வு, ஒளியின் எடை என்று அளந்தேன். ஒளிக்கு எடை உண்டா? யாருக்குத் தெரியும்! "ரொம்ப ஃபிலிம் காட்டாதே," என்று அம்மா கிள்ளினாள்.

மார்ச் 29, ஞாயிறு

அத்தை உருளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மிச்சம் ஏழு இருக்குடா. சனிக்கிழமை ஏழும் உனக்குத்தான். அந்த வெளிச்சத்தை நீ எப்படி விடுறேன்னு நான் பக்கத்துல நின்னு பாக்கணும்."

ஏழும். அதற்கப்புறம் பேப்பர் வெயிட். இந்தக் கேமராவோடு வாழ்ந்தவள், கடைசி ஏழு படத்தையும் எனக்குத் தருகிறாள் — எதற்கு?

சொல்லிவிட்டேன். அன்றைக்கு அலமாரிக்குள் ஆட்டைப் பாதி செருகியிருந்தேன். கழுத்தில் ஏதோ ஒரு கை பட்டது. கத்தினேன். போனில் டார்ச் போட்டேன். போட்டுவிட்டுக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன், அதுதான் கொடுமை. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்தால், மேலே தொங்கிய அப்பாவின் கோட்டுக் கை. ஆடும் கறுப்பு அட்டையும் மூடியிருந்ததால் ஃபிலிம் பிழைத்தது. விலகியிருந்த ஓரத்தில் மட்டும் வெளிச்சம் புகுந்துவிட்டது. திட்டம் இல்லை. கலை இல்லை. கோட்டு.

அத்தை துணியைக் கீழே வைத்தாள். "சரி. இந்த ஏழு படத்தையும் நான் பார்த்து எடுத்துக்கிறேன். நீ சனிக்கிழமை போய் இப்ப சொன்னதை அப்படியே சொல்லு."

"பிள்ளைங்க முன்னாடியா?"

"பின்ன?"

இருபது பேர் வருவார்களாம். எல்லாம் எட்டு வயசு, ஒன்பது வயசு. அதில் ஒருத்தனுக்காவது இருட்டு என்றால் பயம் இருக்காதா? எனக்கு இருக்கிறது.