கூரை நிறைஞ்சிருக்குது

மரக்காணம்
28.11.2005

அன்பு மகள் மலர்கொடிக்கு அப்பா ஆசியோடு எழுதுவது. பூமீஸ்வரர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் குட்டியும் அதேபோல் இருக்க வேண்டும். இங்கே சுழல்காற்று அடித்ததை டி.வி.யில் பார்த்துவிட்டு, பிரசவத்தைப் பூனாவிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று மாப்பிள்ளை பக்கத்து வீட்டு உப்புக்காரன் பாவாடைக்குப் போன் பண்ணினாராம். அதைக் கேட்டதிலிருந்து உன் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதனால் சேதம் எவ்வளவு என்று ஒளிக்காமல் எழுதுகிறேன், பயப்படாதே.

பெரிய புயல் ஒன்றும் இல்லையம்மா. யானைத் தும்பிக்கை மாதிரி ஒன்று உப்பளத்துத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வந்து, நம் தெருவைக் குறுக்கே கடந்து, கழுவெளி ஏரியில் போய் அடங்கிவிட்டது. ஒரு உயிருக்கும் ஆபத்தில்லை. பாவாடையின் உப்புக் குவியலை மூடியிருந்த ஓலையெல்லாம் நம் வேப்பமரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அவனும் தினம் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறான். நம் வீட்டில் முன்பக்கம் தப்பிவிட்டது. உனக்கென்று சுண்ணாம்பு அடித்து வைத்திருந்த பின்அறைக்குத்தான் கூரை போய்விட்டது. மறுநாள் தாலுகா ஆபீஸிலிருந்து சேதம் எழுத வந்த தம்பி வெளியூர்க்காரர். தெருவெல்லாம் சேறு, வண்டியை விட்டு இறங்காமலே, கூரை இருக்குதாம்மா என்று கேட்டிருக்கிறார். அரிசி தீர்ந்தால்கூட இல்லை என்று வாய் திறக்காதவள் உன் அம்மா, அதிலும் வயிற்றுப்பிள்ளைக்காரி வரப்போகிற வீடு, நிறைஞ்சிருக்குதுங்க என்றிருக்கிறாள். அவரும் சந்தோஷமாகத் தலையாட்டி, சேதமில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் சைக்கிளை மிதித்து அனுமந்தையில் அவரைப் பிடித்து, சார், அவ நிறைஞ்சிருக்குதுன்னா காலின்னு அர்த்தம் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கிருந்த கோபமும் போய்விட்டது.

அவர் திரும்ப வந்து பார்க்கிறபோது பார்க்கட்டும், ஓலையை நானே வேய்ந்துவிடுவேன். சுவர்தான் கவலை. நேற்று விரலால் அழுத்தினேன், மண் பொதபொதவென்று கையோடு வந்தது. தை பிறப்பதற்குள் காயாது. பச்சைக்குழந்தையை அந்த ஈரத்தில் எப்படிப் படுக்க வைப்பது? அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, என் பொண்ணுக்கு இங்க இடம் இல்லைங்க, எழுதிடுங்க என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இல்லை என்கிற அந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்டதில்லை கண்ணு.

ஆகவே நீ வர வேண்டாம், அம்மா அங்கே வருகிறாள். நான் கூட்டிவந்து விட்டுவிட்டுத் திரும்புவேன். திண்டிவனத்தைத் தாண்டாதவள், சுக்கும் பூண்டும் பழைய வேட்டித் துணியுமாக இப்போதே மூட்டை கட்டிவிட்டாள். மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். டாக்டர் கொடுத்த மாத்திரையை விடாதே, குடத்தைத் தூக்காதே. இன்னொன்று, அம்மா கண்டிப்பாக எழுதச் சொன்னது. நாங்கள் வந்ததும் வாம்மா என்று நீ அவளைக் கூப்பிடக் கூடாதாம். அவள் முதலில் உள்ளே போய் நின்றுகொள்வாளாம். நீ வாசலுக்கு வெளியே நின்று, அம்மா, வந்துட்டேன் என்று சொல்ல வேண்டுமாம். அவள் ஆரத்தி எடுத்து உன்னை உள்ளே அழைத்துக்கொள்வாளாம். அக்கம்பக்கத்தில் சிரித்தாலும் சிரிக்கட்டும், மறக்காமல் சொல்லிவிடு.

தாயும் பிள்ளையும் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிய வாழ்த்தும்
உன் அப்பா
அரசப்பன்