கேட்டுவிட்டுக் கடிப்பவன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே மூவரும் சௌக்கியம், நீயும் அப்படித்தான் என்று அம்மா போனில் பேசிவிட்டுச் சொன்னாள், ஆனாலும் உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு மனம் ஆறும். அடுப்படிக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, நான் சரிசெய்தேன் என்கிறேன், அதுவாகவே நின்றது என்கிறாள் அம்மா. பல் செட் செய்து கொடுக்கும் வேலை இந்த மாதம் கொஞ்சம் அதிகம்.

எழுத வந்தது நீ கட்டிலடியில் விட்டுப்போன அட்டைப்பெட்டியைப் பற்றி. அதிலிருந்த கதைப் புத்தகங்களை உன் தங்கை கண்டெடுத்துவிட்டாள். ரத்தம் குடிக்கிற ஒருவனைப் பள்ளிக்கூடத்துப் பெண் காதலிக்கும் கதைகள், உனக்குத் தெரியாததா. சாப்பிடும்போது மடியில் ஒன்று, பல் தேய்க்கும்போது கையில் ஒன்று. "அந்தக் காட்டேரியை மூடி வெச்சிட்டுச் சாப்பிடுடி" என்று அம்மா சொன்னால், "காட்டேரி இல்லம்மா, வேம்பயர். காட்டேரி தலைவிரிகோலமா வரும், இவன் தலை சீவிட்டு வருவான்" என்கிறாள். அட்டைப்படத்தை நானும் பார்த்தேன். கோரைப்பல்லை ஓர் இடம் முன்தள்ளி வரைந்திருக்கிறார்கள், அந்த அமைப்பில் அவனால் வாயை மூடவே முடியாது, கடிப்பது அப்புறம். இதைச் சொன்னதும் "அப்பா, உங்களையெல்லாம் யாரும் காதலிக்கவே மாட்டாங்க" என்றாள். அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், மறுத்துப் பேசவில்லை.

பிறகு அவள் இயற்பியல் டியூஷனுக்குப் போவதை நிறுத்தினாள். முதலில் தலைவலி, அப்புறம் வயிற்றுவலி, அப்புறம் காரணமே இல்லை, போகமாட்டேன் என்றால் போகமாட்டேன். பரீட்சை நெருங்குகிறது, இந்தப் பாடத்தில் தவறினால் அவள் கேட்கிற படிப்பு கிடைக்காது. அந்த வாரம் பார்த்து அவள் தோழியிடம் போனில் "அவனுக்கு நூறு வயசுக்கு மேல ஆகுது, ஆனா எனக்காகவே காத்திருக்கான்" என்று சொன்னது அம்மா காதில் விழுந்துவிட்டது. அம்மா இரண்டையும் முடிச்சுப் போட்டு, என் வேலை அறைக்கு ஓடிவந்து, அந்த டியூஷன் வாத்தியாரை நம்பியா அனுப்பினோம் என்று அழுதாள். வாத்தியாருக்கு எழுபதுதான் ஆகிறது. அவருடைய பல் செட் நான் செய்து கொடுத்தது, அதை வைத்துக்கொண்டு அவர் ரொட்டியின் ஓரத்தைக்கூடக் கடிப்பதில்லை. அந்த நூறு வயதுக்காரன் புத்தகத்தில் இருப்பவன் என்று தெரிந்ததும் அம்மா மொத்தப் பெட்டியையும் நான் அச்செடுக்கும் பிளாஸ்டர் மாவு வைத்திருக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள், படிப்பைக் கெடுத்தது இதுதான் என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உன் தங்கை சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது, சண்டை போடாமல் அவள் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை.

பல் அச்சு இறுகும்வரை சும்மா இருக்க வேண்டியிருக்குமே, அந்த நேரங்களில் முதல் பாகத்தை எடுத்துப் படித்தேன். ரத்தக்களறியாக இருக்கும் என்று நினைத்தால், அவன் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறான், மறுபடியும் நிற்கிறான், புத்தகமே முடிந்துவிடுகிறது. உன் தங்கையிடம் போய், இதில் என்னடி இருக்கிறது, கடைசிவரை அவன் கடிக்கவே இல்லையே என்று கேட்டேன். "அதுக்குத்தாம்பா படிக்கிறோம். அவனால கடிக்க முடியும், ஆனா கேக்காம கிட்ட வரமாட்டான். 'வா'ன்னு சொன்னாதான் வீட்டுக்குள்ளயே வருவான். டியூஷன் மாடிப்படில நிக்கறானே, அவன் கேக்கறானா?" என்றாள். சொன்ன பிறகுதான் வாயை விட்டுவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவரின் மகன், கல்லூரி போகிறவன், குறுகலான அந்தப் படியில் குறுக்கே கையை வைத்துக்கொண்டு, சிரித்தால்தான் வழிவிடுவேன் என்பானாம். பையைப் பிடித்து இழுப்பானாம். கடைசி முறை கையையும் பிடித்திருக்கிறான்.

நான் சட்டை மாட்டுவதற்குள் அம்மா கிளம்பிவிட்டாள். கடையில் ஆட்கள் நிற்கும்போதே, "உங்க பையன் படிக்கட்டுல சுங்கச்சாவடி வெச்சிருக்கான், லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டாள். கடைக்காரர் "சின்னப் பசங்கக்கா, ஏதோ விளையாட்டுக்கு" என்றார். "விளையாட்டுன்னா எம்பொண்ணும்ல விளையாடியிருக்கணும்?" என்றாள். வாத்தியாரும் மாடியிலிருந்து இறங்கி வந்து, வகுப்பு நேரத்தில் அவன் படியில் தெரிந்தால் போலீசுக்குப் போவேன் என்றார். பல் செட் போடாமல் சொன்னதால் யாருக்கும் சரியாகப் புரியவில்லை, ஆனால் பையனுக்குப் புரிந்தது. மூன்று வகுப்பாகப் படி காலியாக இருக்கிறது. உன் தங்கை போய்வருகிறாள். அம்மா பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், இரண்டாம் பாகம் மட்டும் அம்மாவிடம் இருக்கிறது, ஏன் என்று நான் கேட்கவில்லை.

எனக்குத் தூக்கம் வராதது வேறொன்றால். நீயும் இவள் வயதில்தான் இந்தப் புத்தகங்களை விடாமல் படித்தாய். அந்த வருடம்தான் நீச்சல் வகுப்புக்குப் போகமாட்டேன் என்றாய், சலித்துவிட்டது என்றாய், நாங்களும் சரி என்றோம். அது சலிப்புதானா மகளே? சொல்லத் தோன்றினால் எனக்கு எழுது, அம்மாவிடம் சொல்வதானால் அவளிடம் சொல், யாரிடமும் வேண்டாம் என்றால் அதுவும் உன் இஷ்டம்.

நீ நோய்நொடி இல்லாமல், மனநிறைவோடு இருக்க வேண்டும். உன் வீட்டுச் சாவி ஒன்றை நம்பகமான பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து வை என்று போன தடவையே சொன்னேன், செய்துவிடு.

உன் பதில் எப்போது வந்தாலும் படிக்கக் காத்திருக்கும்,
அப்பா