மூன்றாவது வாய்ப்பு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் நான்கு குழந்தைகள். எல்லாம் ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறந்து இரண்டு வயதைத் தொட்டவை. வளர்ச்சியைச் சோதிப்பவருக்குப் பழைய தலை ஸ்கேன் முடிவு தெரியக்கூடாது என்பது எங்கள் விதி. தெரிந்தால் கண் அதையே தேடும். கடைசியாக வந்த பெண் குழந்தையின் அம்மா உட்காருவதற்கு முன்பே கொட்டிவிட்டாள்: "எண்ணூத்திப் பத்து கிராம் மேடம். மூளைல ரெண்டு பக்கமும் ரத்தக் கசிவு. நாலாம் நிலை, நடக்கவே மாட்டாள்னாங்க. இப்ப பாருங்க, பிடிக்க முடியல!"

பார்த்தேன். மேஜைக்கடியில் புகுந்து என் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது.

நாலாம் நிலை, இருப்பதிலேயே மோசமானது. என் மகளுக்கு முதல் நிலைதான். "சின்னக் கசிவு, தானா கரைஞ்சிடும்" என்றார்கள். பதினேழு வயதாகிறது. வலது கை மடங்கியே இருக்கிறது. கணக்கு ஏறவில்லை.

நிலை என்பது ஆயிரம் குழந்தைகளைப் பற்றிய பேச்சு, ஒரு குழந்தையைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்லாது. எத்தனை பெற்றோருக்கு நானே இதைச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 4

வயிற்றெரிச்சல். இதற்கு நாகரிகமான சொல் கிடைக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

எழுதிவிடுகிறேன். கட்டை அடுக்குவதற்கு மூன்று வாய்ப்பு தர வேண்டும். செவ்வாயன்று அந்தக் குழந்தை இரண்டு முறை ஐந்தாவது கட்டையில் சரித்தது. சரித்துவிட்டுக் கைதட்டியது. மறுபடியும் கையை நீட்டியபோது நான் கட்டைகளைப் பெட்டியில் போட்டு மூடினேன். "முடியவில்லை" என்று குறித்தேன். அந்த ஒரு புள்ளியில் மொத்த மதிப்பெண் இயல்பான வளர்ச்சிக்கான கோட்டுக்குக் கீழே இறங்கியது. "வளர்ச்சித் தாமதம்" என்று அறிக்கை போயாயிற்று.

நேரமாகிவிட்டது என்று நினைத்தேனா? மணி பதினொன்றரைதான்.

மார்ச் 10

அந்தக் குழந்தையின் அம்மா போன் செய்தாள். "வீட்ல எல்லாரும் 'நாங்க அப்பவே சொன்னோம்ல'ன்னு ஆரம்பிச்சுட்டாங்க மேடம். வேலைய விட்டுட்டுப் பிள்ளையப் பாருன்றார் இவர். இருபதாம் தேதிக்குள்ள ஆபீஸ்ல சொல்லணும். நிஜமாவே தாமதமா?"

"ரிப்போர்ட்டப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். பார்க்க என்ன இருக்கிறது, என் கையெழுத்துதானே.

நான் ஆறு வருடம் வேலையை விட்டிருந்தேன். இவளும் விடட்டுமே — சீ. என்ன பொம்பள நான்?

மார்ச் 11

மகள் இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா முறைக்கிற? எனக்கும் மார்க் போடுறியா?"

"இல்லடி."

"போடு, போடு. சொந்தப் பொண்ணுன்னு பாஸாவது பண்ணி விடு."

அவள் சிரித்தாள். எனக்கு வரவில்லை.

மார்ச் 12

பெரிய டாக்டரிடம் சொன்னேன்.

"ரெண்டு வாய்ப்போட நிறுத்திட்டீங்களா? மறந்துட்டீங்க போல." தப்பிக்க அவரே வழி போட்டுக் கொடுத்தார்.

"மறக்கல."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கே இல்லை. "அறிக்கையத் திரும்ப வாங்குங்க. சோதனைய வேற ஆள் செய்யட்டும். அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லணும். கொஞ்ச நாள் அந்த ரூமுக்குள்ள போகாதீங்க."

மார்ச் 13

போனில் சொன்னேன். "தப்பு என்னோடது. இன்னொரு வாய்ப்பு தரணும், தரல."

"ஏன் மேடம்?"

நேரில் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கோழை.

மார்ச் 16, திங்கள்

சக ஊழியை சோதித்தாள். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கோட்டுக்கு மேலே, நன்றாகவே மேலே. பள்ளிக்கூட வயதில் வேறு சிக்கல் தலைகாட்டலாம், காட்டாமலும் போகலாம். இன்றைக்கு இவ்வளவுதான் தெரியும்.

அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். "வேலைய விடலன்னு எழுதிக் குடுக்கப் போறேன்" என்றாள். பிறகு, "இப்பச் சொல்லுங்க. ஏன்?"

சொன்னேன். என் மகள், முதல் நிலை, வலது கை. "உங்க பொண்ணப் பாத்துப் பொறாமை."

"இவ என்ன பண்ணா உங்கள?"

விறுவிறுவென்று நடந்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். கோபம் அப்படியேதான் இருந்தது.

"உங்க பொண்ணுக்கு என்ன பிடிக்கும்?"

வாயைத் திறந்தேன். கை, நடை, கணக்கு, பயிற்சி நேரம் — வரிசையாக இதுதான் வந்தது. பிடிக்கும் என்று ஒன்றும் வரவில்லை.

அவள் அவசரப்படுத்தவில்லை. குழந்தையைக் கீழே இறக்கிவிட்டுக் காத்து நின்றாள்.