ஃப்ரீசருக்குள் போன இன்சுலின்

நவம்பர் 9

புயல் வருகிறதாம். ரேடியோ காலையிலிருந்து அலறுகிறது. தையல் மெஷினைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டேன். அவர் டார்ச், மெழுகுவத்தி, தண்ணீர் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, "உன் இன்சுலினையும் பத்திரமா வச்சிட்டேன். நீ ராணி மாதிரி உக்காரு" என்றார். பஸ் ஓட்டுகிற மனுஷனுக்கு இவ்வளவு பொறுப்பா! உட்கார்ந்தேன்.

நவம்பர் 10

கொட்டுகிறது. கரண்ட் போச்சு. வாசலில் முழங்கால் அளவு தண்ணீர்.

நவம்பர் 11

கையிலிருக்கும் குப்பி நாளைக் காலையோடு தீரும். புதுசு எங்கே என்றால், ஃப்ரீசரைத் திறந்து பெருமையாகக் காட்டுகிறார்! "கரண்ட் போனாலும் ரொம்ப நேரம் ஜில்லுன்னு இருக்கும்ல?"

அட மனுஷா! இன்சுலின் ஒருமுறை உறைந்தால் வீண். உருகினாலும் போடக்கூடாது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. திட்டித் தீர்த்தேன். அவர் முகம் சுருங்கியதும் பாவமாகவும் இருந்தது.

மருந்துக்கடை தண்ணீருக்குள். பயமாயிருக்கு. ஊசி இல்லாம எப்படித் தாங்குவேன்?

மாடியில் நாத்தனார் இருக்கிறாள். அவளுக்கும் இதே இன்சுலின்தான். ஆனால் நான் தைத்த சட்டை இறுக்கம் என்றவளிடம், "சட்டை சுருங்கல, நீதான் பெருத்துட்ட" என்று சொன்னதிலிருந்து பேச்சே இல்லை. உள்ளதைத்தானே சொன்னேன்? போய்க் கேட்பதா — நானா?

நவம்பர் 12

போனேன். ரோஷத்தை ஊசியில் ஏற்றிப் போட முடியாதே.

"மாடிப்படி இருக்கிறது இப்பத்தான் தெரிஞ்சுதா அண்ணி?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாளே ஒரு சிரிப்பு! "சோப்பு கரையக் கூடாதுன்னு வெயில்ல வச்சு இளக விட்டவருதான எங்க அண்ணன்!"

ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள்ளிருந்து பிரிக்காத குப்பி ஒன்றை எடுத்தாள். பெயர், அளவு, தேதி எல்லாம் இருவருமாகச் சரிபார்த்தோம்.

"உனக்கு?"

"இன்னொன்னு இருக்கு. அதுவும் தீர்ந்தா ரெண்டு பேரும் நீந்திப் போய் வாங்குவோம்."

அழுதுவிட்டேன். அவளும்தான். கிளம்பும்போது அந்தச் சட்டையையும் கையில் திணித்தாள். "இன்னும் பத்தல அண்ணி."

நவம்பர் 20

கரண்ட் வந்தது, கடையும் திறந்தாயிற்று. இனி என் குப்பி ஒன்று அவள் ஃப்ரிட்ஜில், அவளுடையது ஒன்று என்னுடையதில். சட்டையைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தேன், வாயைத் திறக்காமல்.

அவள் குப்பியைப் போட்டுத் தந்த டப்பாவை இப்போதுதான் ஃப்ரிட்ஜுக்குள் வைத்தேன். மூடியில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: "அண்ணன் தொடக்கூடாது."