ரதியின் முழங்காலுக்கு ஒன்றுமில்லை, தம்பி

என் செல்லத் தம்பி குணத்துக்கு,

நீ இருந்திருந்தால் இதைத் தொலைபேசியில் சொல்லி முடித்திருப்பேன். நீயும் வழக்கம்போல, "அக்கா, சுருக்கிச் சொல்லுங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்றிருப்பாய். இப்போது குறுக்கே பேச நீ இல்லை. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

உங்கள் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். நீ துணி வெட்டிய, பிறகு உன் பெண்சாதி ரதியையும் கூட்டிப்போய்த் தையல் மெஷினில் இருத்திய அதே பள்ளிச் சீருடைத் தொழிற்சாலைதான்.

உதாரணம் சொல்லாமல் எனக்கு எதையும் விளங்கப்படுத்த வராது, உனக்குத் தெரியும். உன் பேரனுக்குச் சீருடை வாங்க உன் மகள் மதுவோடு கடைக்குப் போயிருந்தேன். இரண்டு காற்சட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. ஒன்று உங்கள் இடத்தில் தைத்தது, மற்றது கப்பலில் வந்தது. கப்பலில் வந்ததன் விலைக்கு உங்கள் முதலாளி துணிகூட வாங்கமுடியாது. மது என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு கப்பலில் வந்ததையே கூடையில் போட்டாள். அவளை நான் எப்படிக் குறை சொல்ல? எல்லாத் தாய்மாரும் அதைத்தான் போட்டார்கள்.

கடைகள் கொடுத்த ஓடர்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு நாள் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு, தன்னிடம் இனிக் காசில்லை, கதவைப் பூட்டுகிறேன் என்றார். நீ நின்ற வெட்டுமேசையைச் சுற்றித்தான் எல்லாரும் நின்றார்களாம்.

வேலை போனவர்களை நாங்கள் வந்து சேர்ந்த இந்த நாடு நடுத்தெருவில் விட்டுவிடுவதில்லை. கொம்பனி முறிந்தால், அது கொடுக்கவேண்டிய இழப்பீட்டை அரசாங்கம் கொடுக்கும். இத்தனை வருடம் சம்பளத்தில் நஷனல் இன்சூரன்ஸ் என்று காப்புறுதிக் காசு வெட்டினார்களே, அதைக்கொண்டு வேறு வேலை தேடும் மாதங்களுக்கு ஒரு தொகை உண்டு. வாடகைக்கும் உதவி கேட்கலாம். இறக்குமதியால் வேலை போனவர்களுக்கென்றே சில நாடுகளில் தனித் திட்டம் இருந்ததாக வாசித்திருக்கிறேன். இங்கே அப்படித் தனிக் கதவு இல்லை, எல்லாரும் ஜொப் சென்டர் என்ற ஒரே அரசாங்க அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும். ரதியும் போனாள். அந்த உதவி இல்லாவிட்டால் பிளேஸ்டோ வீட்டுக்கு வாடகை கட்ட அவளால் ஏலாது. குரோய்டனில் மதுவின் வீட்டுச் சின்ன அறைக்குப் போகவேண்டியதுதான். நீ கண்ணை மூடிய வீட்டை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை.

பிறகு ஒரு காலையில் மது எனக்குப் போன் அடித்தாள்.

"மாமி, அம்மாவின்ர காசை ஸ்டொப் பண்ணிட்டினம்! அம்மா தானே ரிசைன் பண்ணினதாம். ஷீ டோல்ட் தெம், மாமி!"

நான் உடனே பஸ் ஏறிப் பிளேஸ்டோவுக்குப் போனேன். ரதி குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ரதி, நீர் ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"போனிலை மொழிபெயர்க்க ஒரு பிள்ளை வந்தது, மச்சாள். வெள்ளைக்காரிக்கு எண்டா உள்ளதைச் சொல்லியிருப்பன். 'வணக்கம் அன்ரி' எண்டு எங்கட பிள்ளையின்ர குரல். என்னை வேலையால நிப்பாட்டிப்போட்டினம் எண்டு அதுக்கு எப்பிடிச் சொல்லுறது? ஆரின்ர மகளோ, ஆருக்குத் தெரியும்? முழங்கால் ஏலாது, நானே நிண்டிட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

"முழங்காலோ?"

"கோயிலிலையும் அதைத்தானே சொன்னனான். ரெண்டு இடத்திலை ரெண்டு கதை சொல்லேலுமோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கும் வந்திருக்கும். ஆனால் சிரித்து முடிகிற காரியமில்லை. தானாக வேலையை விட்டவருக்கு இங்கே கொஞ்சக் காலம் காசை நிறுத்திவைப்பார்கள். இழப்பீடும் வேலையை இழந்தவருக்குத்தான், விட்டவருக்கு இல்லை. ஒரு பொய்யால் ரதி இரண்டையும் தட்டிவிட்டிருந்தாள்.

அவளிலும் முழுப் பிழை சொல்ல மாட்டேன். ஒருவரை வேலையால் நிற்பாட்டினார்கள் என்று கேள்விப்பட்டால் எங்கள் ஆட்கள் முதலில் என்ன கேட்பார்கள்? களவெடுத்தவரோ, ஆரோடும் சண்டை பிடித்தவரோ என்றுதானே? உன்னை நிற்பாட்டியிருந்தால் நீ மட்டும் என்ன சொல்லியிருப்பாய், குணம்?

நான் எனக்குத் தெரிந்த வழியில் விளங்கப்படுத்தினேன்.

"ரதி, ஊரிலை சண்டையாலை இடம்பெயர்ந்த நேரம் நான் படிப்பிச்ச பள்ளிக்கூடத்தை மூடினது தெரியும்தானே. பிள்ளையளுக்கு விடுகைப் பத்திரம் எழுதினது நான்தான். ஒருத்தருக்காவது 'பெயில்' எண்டு எழுதினனானோ? மூடினது பள்ளிக்கூடம். பிள்ளையள் கெட்டிக்காரர்தான்."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கு, மச்சாள்," என்றாள். ஆனால் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

முடிவைத் திரும்பப் பார்க்கும்படி கேட்டோம். வரச் சொன்னார்கள். மொழிபெயர்ப்பே வேண்டாம், ஆங்கிலத்தில் நானே சொல்லுறன் என்று ரதி பிடிவாதமாக நின்றாள். பஸ்ஸில் போகும்போது நாலு வசனம் பாடமாக்கினோம். நன்றாகத்தான் சொன்னாள். மேசைக்கு முன்னால் இருந்ததும் ஒரு வசனமும் வரவில்லை. எதிரே இருந்த பெண் அதிகாரி நல்ல மனுஷி, கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்து நடுவில் வைத்தாள்.

"வணக்கம் அன்ரி."

அதே பிள்ளையோ, வேறு பிள்ளையோ தெரியாது. ரதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு நாக்கு நுனியில் எல்லாம் நின்றது. பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நிற்பதுபோல வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவளே சொன்னால்தான் அது அவளுடைய சொல்.

"பிள்ளை," என்றாள் ரதி, "முதல் நான் பொய் சொல்லிப்போட்டன். என்ர முழங்காலுக்கு ஒண்டுமில்லை. நான் வேலையை விடேல்லை. ஃபாக்டரியை மூடி எங்கள் எல்லாரையும் நிப்பாட்டினவை. வெளிநாட்டு உடுப்பு மலிவு, அதாலை. நான் சொன்னதை அப்பிடியே சொல்லும்."

அந்தக் குரல் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அதிகாரி தலையாட்டித் தட்டச்சு செய்தாள். பிறகு குரல் திரும்பி வந்தது: "அன்ரி, நீங்கள் என்னென்ன மெஷின் ஓட்டுவீங்கள் எண்டு கேக்கிறா."

அவ்வளவுதான், தம்பி. இத்தனை நாளும் ரதி பயந்தது இதற்குத்தான். பிறகு அவள் நிமிர்ந்து இருந்து மெஷின்களைச் சொல்லத் தொடங்கினாள். 'போதும்' என்று அதிகாரி கையைக் காட்டும்வரை நிறுத்தவில்லை.

முடிவை மாற்றிவிட்டார்கள். இழப்பீட்டு விண்ணப்பமும் சரிவந்தது. இந்த வருடத்துக்கு வீடு நிலைக்கும். அதற்குப் பிறகு? அது எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரிச் சொல்லவும் மாட்டேன். ஜொப் சென்டர் ஒழுங்குசெய்த உடுப்புத் திருத்தும் பயிற்சிக்கு ரதி இப்போது போகிறாள். "காற்சட்டை நீளம் குறைக்க ஒருத்தரும் கப்பலிலை அனுப்பமாட்டினம், மச்சாள்," என்கிறாள். எனக்கே உதாரணம் சொல்லப் பழகிவிட்டாள், பார்த்தாயா?

போன வெள்ளிக்கிழமை மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து பிரசாதம் வாங்க நின்ற இடத்தில் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு அம்மா அக்கறையாகக் கேட்டார்: "ரதி, முழங்கால் இப்ப எப்பிடி?"

ரதி தட்டை மற்றக் கைக்கு மாற்றினாள். "முழங்கால் நல்லாத்தான் இருக்கு, அக்கா. ஃபாக்டரியைத்தான் மூடிப்போட்டினம். எங்கள் எல்லாரையும் நிப்பாட்டினவை."

அந்த அம்மா, "ஓ, அப்பிடியே," என்று இன்னும் ஒரு கரண்டி சர்க்கரைப் புக்கை போட்டார்.

வெளியே செருப்புப் போடும்போது யாரோ ரதியின் சேலைத் தலைப்பை இழுத்தார்கள். உங்கள் இடத்தில் பொத்தான் தைத்தாளே, சாந்தா, அவள்தான்.

"ரதியக்கா, எனக்கு நாரிப்பிடிப்பு, குனிஞ்சு வேலை செய்யேலாது எண்டெல்லோ சொல்லிப்போட்டன்."

"கோயிலிலையோ?"

"ஜொப் சென்டரிலையும்."

திங்கட்கிழமை சாந்தாவோடு நாங்கள் இருவரும் போகிறோம். பிளேஸ்டோ வீட்டுக் கதவுத் திறப்பு ரதியின் கையில் இருக்க என்னால் ஆனதெல்லாம் செய்வேன். அவள் பேசவேண்டிய இடத்தில் பக்கத்தில் இருப்பேன், வாயைத் திறக்கமாட்டேன். உன் அக்காவுக்கு இரண்டாவதுதான் கஷ்டமான வாக்கு என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் தருகிறேன்.

குறுக்கே பேச நீ இல்லாமல் கதையை நீட்டிவிட்ட,
உன் பெரியக்கா