ரம்பத்துக்குள் நாலு விரல்

என் செல்ல மகன் ஹுஸாமுக்கு,

உனக்கும் மருமகளுக்கும் இறைவனின் சாந்தியும் நல்ல பசியும் உண்டாகட்டும் என்று நம் தச்சர் ஊர் துமியாத்திலிருந்து அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், என் இடது முழங்காலைத் தவிர, அது எப்போதும் தனிக்கட்சி. ஹாம்பர்க் குளிரில் உள்ளே கம்பளி பனியன் போடுகிறாயா என்று கேட்கப் போவதில்லை, போடுவதில்லை என்று எனக்கே தெரியும். இதையெல்லாம் போனில் சொன்னால் என்ன என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அப்பா என் தோளை ஒட்டி உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் திருத்துகிறார். இந்தக் கதை அவரைப் பற்றியது, திருத்தாமல் உனக்குக் கிடைக்க வேண்டும். அதனால்தான் அங்கே வருகிற உன் நண்பன் கையில் பாலாடைக்கட்டி டப்பாவோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன்.

நீயும் அவரும் போனிலேயே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பட்டை ரம்பம் வந்து இறங்கிய நாள் உனக்கு நினைவிருக்கும். பச்சை நிறம், ஆளுயரம், மேலே ஒரு சக்கரம் கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் ரம்பப் பட்டை. தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. வழக்கப்படி ஆடு அறுத்தோம். நீதான் முந்தின நாளே போனில், "பாபா, ரத்தத்துல கைய முக்கி மெஷின்மேல பதிச்சிடாதீங்க, பெயின்ட் வீணாப்போயிடும்"னு கண்டிப்பாகச் சொல்லிவிட்டாய். அவரும் சரி என்றார், சொன்னபடி போட்டோவும் அனுப்பினார், பச்சைப் பெயின்டில் ஒரு பொட்டு இல்லை. கண்ணேறு கழிக்கக் கை பதிக்காமல் இந்த மனிதர் இதுவரை ஒரு சைக்கிள்கூட வாங்கியதில்லை, மகன் பேச்சுக்கு என்ன மரியாதை என்று நான் அக்கம்பக்கத்தில் பெருமையடித்தேன். என் பங்குக்கு ஒரு நீலமணியும், நீ குழந்தையாக இருந்தபோது போட்ட ஒற்றைச் செருப்பும் அதன் கைப்பிடியில் கட்டினேன். அந்தச் செருப்பைப் பார்த்தால் எந்தக் கண்ணும் வந்த வழியே ஓடிவிடும்.

அன்றே உன் தங்கை ரபாபின் கல்யாணச் சீருக்கு மரம் அறுக்கத் தொடங்கினார். நம் ஊரில் பெண்ணின் சீர் போகிறது என்றால் சும்மாவா. திறந்த லாரிகளில் சோபாவும் கட்டிலும் அலமாரியும் ஏற்றி, கொட்டு முழக்கத்தோடு தெரு முழுக்க ஊர்வலம் விடுவோம். மற்ற ஊரில் அதைப் பெண்கள் பார்ப்பார்கள். இங்கே ஒவ்வொரு பட்டறை வாசலிலும் ஒரு தச்சன் காதில் பென்சிலோடு நின்று நாற்காலிக் காலை எடைபோடுவான். அதுவும் உன் அப்பா, தச்சு மேஸ்திரி உஸ்தா ராகிபின் மகள் சீர். வாத்துக் கழுத்துபோல வளைந்த கால்கள், ஒன்றுபோல ஒன்று. அந்த வளைவுக்காகத்தானே இந்த ரம்பத்தையே வாங்கினோம்.

முதல் காலை அறுத்து வெளியே எடுத்தார், அது வாத்து இல்லை, வயிற்றுவலி வந்த ஒட்டகம். ரம்பம் ஓடும்போது டக் டக் டக் என்று ஒரு தட்டல், பட்டை முன்னும் பின்னும் அலைகிறது, கோடு ஒரு பக்கம் போனால் பட்டை வேறு பக்கம் போகிறது. பட்டை தளர்ந்திருக்கிறது என்று இறுக்கினார், டக் டக் இன்னும் சத்தமானது. பட்டையே சரியில்லை என்று வேறு போட்டார், அதுவும் அதே பாட்டைப் பாடியது. பற்றவைத்த மூட்டு தடித்திருக்கிறது என்று அரத்தால் தேய்த்தார். பட்டையைப் பக்கவாட்டில் பிடிக்கும் உருளைகளைக் கிட்டத்தில் வைத்தார், தள்ளி வைத்தார். தரை மட்டமில்லை என்று நாலு மூலைக்கும் ஆப்பு அடித்தார். "இப்ப தரை நேரா நிக்குது, மெஷின்தான் சாயுது" என்றேன். வழக்கம்போல உன் பெயராலேயே என்னைக் கூப்பிட்டு, "உம்மு ஹுஸாம், உனக்கு அடுப்பு தெரியும், எனக்கு ரம்பம் தெரியும்" என்றார். ஒன்று மட்டும் எனக்கு விசித்திரமாக இருந்தது. மேல் சக்கரத்தின் கதவை வேறு யாரையும் தொட விடுவதில்லை. அவரே திறப்பார், முதுகால் மறைத்துக்கொண்டு பட்டையை மாட்டுவார், படாரென்று மூடுவார். புது மெஷின்மேல் அவ்வளவு பிரியம் என்று நினைத்தேன். என்னை அப்படி யாரும் மூடிப் பாதுகாத்ததில்லை.

இதற்குள் சம்பந்தி இஃபத் வந்தாள். வந்தவள் அந்த ஒட்டகக் காலைக் கையில் எடுத்து, இது அலமாரிக்கா படகுக்கா என்று கேட்டாள். பிறகு, "எதுக்கு அண்ணே சிரமம், எதிர்ப் பட்டறை தஸூக்கிகிட்ட அறுக்கக் குடுத்துடுங்க, மரம் மரந்தானே" என்று தேனாகச் சொன்னாள். உன் அப்பா அதற்கு ஒப்புவாரா. சொந்த மகள் சீரை எதிர்க்கடையில் அறுத்து வாங்கி அதே கடை வாசல் வழியாக ஊர்வலம் விடுவதா? ரபாப் பாவம், "பாபா, எனக்கு நேரான கால் போதும், சதுரமா இருந்தாக்கூடப் போதும்" என்றாள். அதுதான் அவரை அதிகம் குத்தியது. அன்று சோற்றில் கை வைக்கவில்லை.

அப்போதுதான் முடிவு கட்டினார், இது தஸூக்கியின் கண். மெஷின் இறங்கிய அன்று தஸூக்கி தாடியைத் தடவிக்கொண்டு, "நல்ல உசரம்" என்று சொன்னானாம், கண் படாமலிருக்க மாஷா அல்லாஹ் சொல்லவில்லையாம். நானும் சும்மா இருப்பேனா, சாம்பிராணித் தட்டோடு ரம்பத்தைச் சுற்றினேன், இருமல் வந்தது எனக்குத்தான். அது போதாதென்று தஸூக்கி கடை வாசலில் ஒரு பிடி உப்பையும் யாரும் பார்க்காமல் தூவிவிட்டு வந்தேன். அவன் பார்த்துவிட்டான்.

மறுநாள் காலை டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டே எங்கள் பட்டறைக்குள் வந்து நின்றான். "உம்மு ஹுஸாம், என் வாசல்ல உப்புப் போட்டீங்களே, அடுத்து எலுமிச்சம்பழமும் வருமா, இல்ல நானே வாங்கிக்கணுமா?" என்றான். எனக்கு ரம்பத்துக்குள் புகுந்துகொள்ளலாம்போல் இருந்தது. உன் அப்பா, "உன் கண்ணு பட்டுத்தான் மெஷின் நோவுது" என்று நேராகவே சொல்லிவிட்டார். தஸூக்கி கோபப்படவில்லை, அதுதான் அவனிடம் எரிச்சலூட்டும் குணம். "என் கண்ணுக்கு அவ்வளவு பலம் இருந்தா உன் பழைய ரம்பத்தயே நிறுத்தியிருப்பேன் உஸ்தா, அது கத்தின கத்துக்கு. நீ பட்டைய மாத்தியும் அதே சத்தம். அப்ப பட்டைமேல குத்தம் இல்ல. சக்கரம் ஒரு சுத்து சுத்தினா ஒரு தட்டு, என் கடைல உக்காந்தே கேக்குறேன். சக்கரத்துலதான் ஏதோ மேடு" என்றான்.

அந்த நேரம் பார்த்து நம் பட்டறைப் பூனை எப்போதும்போல மெஷின்மேல் ஏறி மேல் கதவைப் பிராண்டியது. மெஷின் வந்த நாளிலிருந்து அதற்கு அங்கேதான் குடித்தனம். அது கண்ணேற்றை மோப்பம் பிடிக்கிறது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். தஸூக்கி பூனையைப் பார்த்தான், உன் அப்பாவைப் பார்த்தான். "ஏன்யா, பூனை கண்ணேறுக்கா வரும், கறிக்குத்தானே வரும்" என்று சொல்லிக்கொண்டே மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, உன் அப்பா குறுக்கே பாய்வதற்குள் கதவைத் திறந்துவிட்டான். சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டினான். சக்கரத்தைச் சுற்றிய ரப்பர் வாரில் ஓரிடத்தில் மரத்தூள் அப்பி, காய்ந்து, பணியாரம்போலப் புடைத்திருந்தது. மேல் தூளைத் தட்டினான். உள்ளே கருஞ்சிவப்பாய் நாலு விரல் பதிந்திருந்தது. மூன்று விரல் ரப்பரின் அகலம் முழுக்கக் கிடந்தது. ஒன்று மட்டும் பாதியில் நின்றிருந்தது.

எல்லோரும் உன் அப்பாவின் மோதிர விரலைத்தான் பார்த்தோம், பழைய ரம்பம் நுனியைத் தின்றுவிட்டதே, அந்த விரலை. அவர் கையை மெல்ல ஜேபிக்குள் விட்டார். "பையன் பெயின்ட்மேலதானே வைக்காதீங்கன்னான்," என்றார், "ரப்பர்ல ஏது பெயின்ட்?" அதற்குமேல் யாராலும் முடியவில்லை, ரபாப் மரக்குவியல்மேலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை என்று நீ நம்பினால் உனக்குச் சொர்க்கம் நிச்சயம். ஆட்டு ரத்தம் ஈரமாக இருக்கும்போதே ரம்பத்தை ஓட்டியிருக்கிறார், தூள் ஒட்டி ஒட்டிக் கல்லாகியிருக்கிறது. காப்பாற்ற வைத்த கைதானே, அதன்மேல் சந்தேகம் வருமா அவருக்கு. வெந்நீரும் மரத்துண்டும் கொண்டு தஸூக்கியே சுரண்டினான், உன் அப்பா விளக்குப் பிடித்தார். ஓடவிட்டதும் ரம்பம் பட்டுத்துணி கிழிவதுபோல ஓடியது. அடுத்த கால் வாத்துக் கழுத்து. அதற்கடுத்ததும் அதன் கூடப்பிறந்தது.

சீர் ஊர்வலம் வியாழக்கிழமை போனது. ஒரு தச்சனும் வாயைத் திறக்கவில்லை, நம் தெருவில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. இஃபத் கால்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள், குறை கிடைக்காத வருத்தம் முகத்தில் தெரிந்தது, விருந்தில் வெங்காயம் அடைத்த வாத்தில் ஒரு துண்டு அதிகமாக வைத்து ஆறுதல் சொன்னேன். கல்யாண ஆடு அறுத்தபோது கூட்டம் முழுக்க உன் அப்பாவின் கைகளையே பார்த்தது. அவர் இரண்டையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். தஸூக்கிதான் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்தான், ரத்தத்தில் கையை முக்கினான், நேராகப் பட்டறைக்குள் போய் மெஷினின் பச்சைக் கதவில் வெளிப்பக்கம் அழுத்திப் பதித்தான், குறையில்லாத அஞ்சு விரல். "இனிமே யார் கண்ணும் படாது உஸ்தா," என்றான், "முக்கியமா என் கண்ணு." உன் அப்பா அவனைக் கட்டிப்பிடித்தார், சட்டையெல்லாம் ரத்தம், துவைத்தது நான்.

கட்டிய பெண்ணை மனம் நோகவிடாதே, ரொட்டியை வீணாக்காதே, வேலை செய்யும் இடத்தில் எந்த மெஷின் பக்கத்திலும் தூக்கக் கலக்கத்தோடு நிற்காதே. பாலாடைக்கட்டியைத் திறந்ததும் தண்ணீர் மாற்று. வெள்ளிக்கிழமை நீ போன் பண்ணும்போது அப்பாவிடம் விரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது, சிரிப்பை அடக்க முடியாவிட்டால் இருமிக்கொள். உன் வாசலில் நல்லவர்களே வரட்டும், உன் கைவிரல்கள் பத்தும் பத்தாகவே இருக்கட்டும்.

அப்பா இப்போது எட்டிப் பார்த்து, ரம்பம் அருமையாக ஓடுகிறது, பெயின்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். கதவின் போட்டோ உள்ளே இருக்கிறது.

உன் அம்மா
இன்ஷிராஹ்