ஐந்து மணிச் சிவப்பு விளக்கு

மந்தைவெளி, சென்னை
நவம்பர் 24

அன்புள்ள ஆனந்தகுமாருக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர மற்றதெல்லாம் நலம். வாரா வாரம் போனில் பேசுகிற மனுஷன் எதற்குத் தபாலில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போன் உன் அம்மா கையில் இருக்கிறது. நீ அனுப்பும் மெசேஜைக்கூட அவள்தான் எனக்குப் படித்துக் காட்டுகிறாள். இது அவள் காதுக்குப் போகக் கூடாத விஷயம்.

போன வருடம் லீவில் வந்தபோது, கெய்சருக்குப் புது ஒயர் இழுத்து, வைஃபை பிளக் ஒன்றும் நீயே மாட்டினாய். அமெரிக்காவிலிருந்தே அம்மாவுக்கு வெந்நீர் போடுவேன் என்றாய். பக்கத்தில் இருக்கிற சுவிட்சைப் போட எனக்குத் தெரியாதா என்று நான் முணுமுணுத்தேன். ஆனால் அவளுக்கு அது வெறும் வெந்நீர் இல்லை. காலை ஐந்து மணிக்குக் கெய்சரில் சிவப்பு விளக்கு எரிந்ததும் அதன் முன்னால் நின்று, "ஆபீஸ் முடிஞ்சிடுச்சா ஆனந்து? சாப்பிட்டியா?" என்று கேட்பாள். கேட்ட பிறகுதான் வாளியை எடுப்பாள்.

மூன்று மாதம் தவறாமல் போட்டாய். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்புறம் நின்றே போயிற்று. வேலை மாறிய நேரம், உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் என்னைத் தொடவே விடவில்லை. "அவன் போடுவான், சும்மா இருங்க" என்று காத்திருந்துவிட்டுப் பச்சைத் தண்ணீரில் குளித்தாள். போனிலும் உன்னிடம் இதைக் கேட்க மாட்டாள், கேட்டால் உனக்குப் பாரமாகிவிடுமாம். நாலாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில், வைத்த மணிக்குத் தானே கரண்ட் விடும் டைமர் ஒன்று வாங்கி, அவள் கபாலி கோயிலுக்குப் போயிருந்தபோது, உன் பிளக் இருந்த இடத்தில் சொருகினேன். தி.நகர் ஜவுளிக்கடையில் முப்பது வருடம் சேலை மடித்தவன், அதைச் சொருகுவதற்குள் மூன்று முறை ஸ்டூல் மேல் ஏறி இறங்கினேன்.

மறுநாள் விளக்கு எரிந்தது. அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கரண்ட் போனால் அந்த டைமரும் நின்றுவிடும், மறுநாள் அரை மணி பிந்தி எரியும். "பாவம், புள்ளைக்கு இன்னிக்கு வேலை ஜாஸ்தி போல" என்பாள். நான் பேப்பரில் முகத்தை மறைத்துக்கொள்வேன். கட்டிய பெண்டாட்டியை ஒரு வருடமாக ஏமாற்றியிருக்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை குளியலறையில் கருகல் வாசனை வந்தது. மெயினை அணைத்துவிட்டு, அவள் மார்க்கெட் போன பிறகு எலக்ட்ரீஷியன் மெஹபூப் பாஷாவைக் கூப்பிட்டேன். "இன்னா சார், இது சீரியல் லைட்டுக்குப் போடுறது. இதைப் போய் கெய்சருக்குச் சொருகிக்கீறீங்களே, உருகிப் போய்க்கீது பாருங்க" என்றார். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் ஒயரும் தீப்பிடித்து எரிந்திருக்குமாம். ஈரக் கையோடு அவள் தினமும் அங்கேதான் நிற்பாள்.

புது சாக்கெட் வைத்து உன் பிளக்கையே திரும்ப மாட்டச் சொல்லிவிட்டேன். நீ போடும் வரை, கெய்சர் வேலை இன்னும் முடியவில்லை என்று அம்மாவிடம் சாக்குச் சொல்லியிருக்கிறேன். அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, வலிக்கிற காலோடு தூக்கிப் போகிறாள். நான் வாங்கப் போனாலும் தருவதில்லை. "அவன்கிட்ட சொல்லாதீங்க, பதறிடுவான்" என்கிறாள்.

மார்கழி முதல் தேதி கெய்சர் தயாராகிவிடும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே டிசம்பர் பதினாறு காலை ஐந்து மணி. உனக்கு அது பதினைந்தாம் தேதி மாலை ஆறரை. பிளக்கைப் போடுகிற அந்த ஆப் உன் போனில் இன்னும் இருக்கிறதா பார். இல்லையென்றால் திரும்பப் போட்டுக்கொள். தினமும் முடியாவிட்டால் பரவாயில்லை, அவளிடம் நீயே சொல்லிவிடு. அந்த ஒரு நாள் மட்டும் மறக்காதே.

வேளைக்குச் சாப்பிடு. கபாலீஸ்வரர் உன்னைக் காப்பார். விளக்கு எரிந்தால், இந்த முறை நானும் அவள் பக்கத்தில் நின்று, சாப்பிட்டாயா என்று கேட்பேன்.

உன் அப்பா,
வெள்ளைச்சாமி